பிளக்கின் பீங்கான் மூக்கு

ஷெட்டில் நிற்கும்வரை வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. பானெட்டைத் திறந்து ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் இழுத்தால் ஒரே சீராக உறுமுகிறது. பிளக்கைக் கழற்றி என்ஜின் மேல் கிடத்தி, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டால் நீல நிறத்தில் பொறி பளிச்சென்று பாய்கிறது. "கரண்ட் நல்லா வருதுண்ணே. கார்புரேட்டர்தான் கம்ப்ளைண்ட்டு" என்று தீர்ப்பும் வந்துவிடுகிறது. கார்புரேட்டரைக் கழுவி மாட்டுகிறார்கள். அப்புறம் நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் ஏறினால் பழைய கதைதான். பாதி ஏற்றத்தில் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது. ஷெட் மொழியில் சொன்னால் மிஸ்ஸிங் அடிக்கிறது. உச்சியைத் தாண்டி இறக்கத்தில் விட்டதும் குறை போன இடம் தெரிவதில்லை.

பொறி வருவதைக் கண்ணால் பார்த்த பிறகும் ஏன் மிஸ்ஸிங்? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல விருத்தாசலத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. விடை ஒரு பீங்கான் துண்டில் இருக்கிறது.

விருத்தாசலம் பீங்கான் ஊர். பொம்மை, அகல்விளக்கு, வீட்டு மின்பலகையில் இருக்கும் ஃபியூஸ் கேரியர் என்று இங்கே சூளையில் வேகாத பீங்கான் சாமான் குறைவு. பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தர ஓர் அரசு நிறுவனமே ஊரில் உண்டு. ரயில் சந்திப்பில் நின்று தலையை நிமிர்த்தினால் தண்டவாளத்துக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. அந்தக் கம்பியைத் தூணிலிருந்து பிரித்துத் தாங்கும் காப்பான், வளையம் வளையமாக மடிப்பு வைத்திருக்கும். இப்போது ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் உடம்பில் அதே மடிப்புகள், விரல்நுனி அளவில். இது தற்செயல் அல்ல. பிளக்குக்கு வரும் மின்னழுத்தமும் ஏறக்குறைய அந்த அளவுதான். பத்தாயிரம் முதல் இருபதாயிரம், இருபத்தையாயிரம் வோல்ட் வரை. மின்சாரம் காற்றைத் துளைப்பதைவிடப் பீங்கானின் அழுக்கேறிய மேற்பரப்பில் ஊர்ந்து போவது எளிது. மடிப்புகள் அந்த ஊர்ந்து போகும் வழியை நீளமாக்குகின்றன. பீங்கானுக்குப் பளபளப்பான மெருகு பூசுவதும் அதற்காகத்தான். ஈரமும் தூசும் ஒட்டாது.

பொறி என்பது காற்று தோற்றுப்போகும் கணம். காற்று மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் இரண்டு உலோக முனைகளுக்கு இடையே மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால், காற்றில் தற்செயலாகத் திரியும் ஒன்றிரண்டு எலெக்ட்ரான்கள் வேகம் பிடித்து மூலக்கூறுகளின்மேல் மோதி, அவற்றிலிருந்து வேறு எலெக்ட்ரான்களை உதிர்க்கும். உதிர்ந்தவையும் மோதும். ஒரு கட்டத்தில் முனைக்கு முனை ஒரு மின்பாதை திறந்துவிடும். இதை மின்முறிவு என்கிறோம். எலெக்ட்ரான் வேகம் பிடிக்க அதற்கு ஓடும் இடம் வேண்டும். காற்றை அமுக்கினால் மூலக்கூறுகள் நெருங்கிவிடும். எலெக்ட்ரான் போதிய வேகம் பிடிப்பதற்குள் எதிலாவது முட்டி நின்றுவிடும். அப்போது அதை உந்த இன்னும் அதிக வோல்ட் தேவை. ஜெர்மானிய இயற்பியலாளர் ஃப்ரீட்ரிக் பாஷன் 1889-இல் வெவ்வேறு வாயுக்களில், வெவ்வேறு அழுத்தங்களில் இதை அளந்து பார்த்தார். மின்முறிவுக்குத் தேவையான வோல்ட்டைத் தீர்மானிப்பது இடைவெளி மட்டுமல்ல, இடைவெளியும் வாயுவின் அழுத்தமும் சேர்ந்த பெருக்கல் என்று கண்டார்.

மேம்பாலப் புதிர் இங்கேயே பாதி அவிழ்ந்துவிட்டது. பிளக்கின் இரு முனைகளுக்கும் நடுவே அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி. அம்பாசடர் காரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினுக்கு அது சுமார் 0.6 மி.மீ. வெளியே கிடத்திப் பார்க்கும்போது சாதாரணக் காற்றில் அந்த இடைவெளியைத் தாண்ட மூவாயிரம் வோல்ட் அளவு போதும். பிளக்குக்கு மின்னழுத்தம் தரும் காயில், சாகக் கிடந்தாலும் அதைக் கொடுத்துவிடும். சிலிண்டருக்குள் பிஸ்டன் கலவையை ஏழெட்டு மடங்கு நெருக்கிவைத்திருக்கும் நேரத்தில் அதே இடைவெளிக்குப் பத்தாயிரத்துக்கு மேல் தேவைப்படும்.

மீதிப் பாதி ஆக்சிலரேட்டரில் இருக்கிறது. பெட்ரோல் என்ஜினில் ஆக்சிலரேட்டர் என்பது காற்றுக்கான கதவு. ஐடிலிங்கில் கதவு ஏறத்தாழ மூடியிருக்கும். உள்ளே போகும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதைப் பிஸ்டன் எத்தனை மடங்கு நெருக்கினாலும் பெரிய அடர்த்தி வராது. நியூட்ரலில் வைத்து உறுமவிட்டாலும் இதே நிலைமைதான். சுமை இல்லாத என்ஜின் மூவாயிரம் சுற்று போக, கதவு சற்றே திறந்தால் போதும். மேம்பாலத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போதுதான் சிலிண்டர் முழுதாக நிரம்புகிறது, அடர்த்தி உச்சத்துக்குப் போகிறது, பொறிக்கான வோல்ட் தேவையும் உச்சத்துக்குப் போகிறது. ஷெட்டில் காட்டிய நீலப் பொறியும் உறுமலும் இந்தத் தேர்வை எழுதவே இல்லை.

பழைய பெட்ரோல் பங்குகளிலும் ஒர்க்‌ஷாப்புகளிலும் ஒரு பிளக் சோதனை மெஷின் இருந்தது. மணல் அடித்து பிளக்கைச் சுத்தம் செய்யும். பிறகு சிறிய அறைக்குள் பிளக்கைத் திருகி, காற்றழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போய், கண்ணாடித் துளை வழியாகப் பொறி எதுவரை தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்கலாம். பாஷனின் பரிசோதனையைப் பத்து நிமிட வேலையாக்கிய அந்த மெஷின் இப்போது கண்ணில் படுவதே அரிது. புது பிளக் மலிவாகக் கிடைப்பதால் யாரும் அதைத் தேடுவதும் இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

மேம்பாலத்தில் பிளக் இருபதாயிரம் வோல்ட் கேட்கிறது, காயிலும் கொடுக்கத் தயார். அப்போதும் பொறி பாயாமல் போகலாம், ஏனென்றால் மின்சாரத்துக்கு வேறு வழி கிடைத்துவிடுகிறது. பிளக்கின் அடியில், நெருப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பீங்கான் பகுதியை மூக்கு என்பார்கள். அதன்மேல் கரி படிந்தால் தொல்லை. கரி மின்சாரத்தைக் கடத்தும். வோல்ட் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்போதே கரிப்படலம் வழியாக உலோக உடம்புக்குக் கசிந்துவிடும். காற்றைத் துளைக்கும் அளவுக்கு ஏறவே ஏறாது. பிளக் வயரில் மயிரிழை விரிசல், காயிலின் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் என்று கசிவுக்கு வேறு இடங்களும் உண்டு. இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஓடும் என்ஜினைப் பாருங்கள். வயரைச் சுற்றி நீலமாக மினுமினுத்தால் அங்கேதான் ஓட்டை. தண்ணீரைப் புகைபோலத் தெளித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கை படாமல் தள்ளி நிற்க வேண்டும்.

இந்த மூக்கு படும் பாடு தனிக் கதை. ஒரு கணம் வெறும் காற்றும் பெட்ரோலும் வந்து குளிர்விக்கும். அடுத்த கணம் இரண்டாயிரம் டிகிரியைத் தாண்டிய நெருப்பு. மூவாயிரம் சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை இது நடக்கிறது. களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் சேர்த்துச் சுடும் வழக்கமான பீங்கான் இதைத் தாங்காது. அதற்குள் இருக்கும் கண்ணாடிப் பகுதியில் சோடியம், பொட்டாசியம் அயனிகள் உண்டு. சூடு ஏறினால் அவை நகரத் தொடங்கி, காப்பானே கடத்தியாகிவிடும். அதனால் ஆரம்பகால விமான என்ஜின்களில் மைக்கா தகடுகளை அடுக்கிக்கூடப் பார்த்தார்கள். இன்றைய மூக்கு அலுமினாவால் ஆனது. அதுவும் பீங்கான் குடும்பம்தான், ஆனால் 90 சதவீதத்துக்கு மேல் அலுமினியம் ஆக்சைடு. சுமார் 1600 டிகிரியில் சுடப்படுவது. சூட்டிலும் மின்சாரத்தைத் தடுக்கிறது, வெப்பத்தை மட்டும் நன்றாகக் கடத்தி வெளியே அனுப்புகிறது.

மூக்கு ஏறத்தாழ 450 டிகிரிக்கு மேல் இருந்தால் படிகிற கரி தானே எரிந்துவிடும். 850 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து: பொறிக்குக் காத்திருக்காமல் மூக்கின் சூடே கலவையைப் பற்றவைத்து, பிஸ்டனில் ஓட்டை போடும் அளவுக்குப் போகலாம். எனவே மூக்கின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து, வெவ்வேறு என்ஜினுக்கு வெவ்வேறு சூட்டு வரிசையில் பிளக் செய்கிறார்கள். நீள மூக்கில் சூடு தங்கும். குட்டை மூக்கில் சீக்கிரம் வடியும். இதில் ஒரு வில்லங்கம்: பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூட்டு பிளக், என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் குளிர் பிளக். கடையில் ஒன்று இல்லையென்று மற்றொன்றை எண் பார்த்து வாங்குகிறவர் எதிர்த்திசையில் போய்விடுவார்.

சூளைக்குள் சாமான்களோடு சின்னக் கூம்புகளை நிறுத்திவைப்பதைப் பீங்கான் தொழிலாளர்கள் அறிவார்கள். குறிப்பிட்ட அளவு வெப்பம் வாங்கியதும் கூம்பு வளையும். ஜெர்மானியர் ஹெர்மன் சேகர் 1886-இல் அதற்கு முறையான வரிசை வகுத்தார். உள்ளே எவ்வளவு சூடு பட்டது என்பதைக் கூம்பு சொல்லும். காற்று போதுமானதாக இருந்ததா, புகை மூட்டத்தில் வெந்ததா என்பதைச் சாமானின் நிறம் சொல்லும். பிளக்கின் மூக்கு இந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்கிறது. காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. எண்ணெய்ப் பசையோடு கறுப்பு என்றால் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்து என்ஜின் ஆயில் மேலே ஏறுகிறது. சுண்ணாம்பு வெள்ளையாகி, முனைகளும் அரித்திருந்தால் காற்று அதிகம், சூடு அதிகம். இளம் பழுப்பு என்றால் எல்லாம் சரி.

இந்த நிறப் பட்டியலை மனப்பாடமாக ஒப்பிக்கும் மெக்கானிக்குகள் இன்றும் உண்டு. அதை அப்படியே நம்புவதில் எனக்குத் தயக்கம். பட்டியல் உருவான காலத்தில் பெட்ரோலில் ஈயம் இருந்தது. நல்ல பிளக்கின் அந்தப் பிஸ்கட் பழுப்பில் ஈயச் சேர்மங்களுக்குப் பெரும் பங்கு. இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரி 1 முதல். அதற்குப் பிறகு நல்ல மூக்கும் வெளிறித்தான் இருக்கும். எல்.பி.ஜி.யில் ஓடும் வண்டியின் மூக்கு கலவை எப்படி இருந்தாலும் ஏறக்குறைய வெள்ளை, ஏனென்றால் அந்த வாயு கரி விடுவது மிகக் குறைவு. ஆக, நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எந்த எரிபொருளில் அந்த நிறம் வந்தது என்று கேட்க வேண்டும். இன்னொன்று: மேம்பாலத்தில் மிஸ்ஸிங் அடித்த வண்டியை ஐடிலிங்கில் ஊர்ந்து ஷெட்டுக்குக் கொண்டுவந்து கழற்றினால், மூக்கில் இருப்பது ஐடிலிங்கின் நிறம். ஏற்றத்தின் நிறம் வேண்டுமானால் ஆள் நடமாட்டமில்லாத ஏற்றத்தில் முழு மிதியில் இழுத்து, அதே நொடியில் கிளட்சை மிதித்து என்ஜினை அணைத்து, ஓரங்கட்டி அங்கேயே கழற்ற வேண்டும்.

உரிமையாளர்கள் மாற்றங்கள் செய்த பழைய வண்டியில் நிறம் மட்டுமல்ல, பொறிக்கான வோல்ட் கணக்கும் மாறிவிடுகிறது. அம்பாசடர் 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை உத்தரபாராவில் தயாரான கார். அதன் பழைய என்ஜினுக்கு எல்லா அளவும் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் ஓர் உரிமையாளர் ஹெட்டை இழைத்துக் கம்ப்ரஷனைக் கூட்டியிருப்பார். அடுத்தவர் எல்.பி.ஜி. கிட் போட்டிருப்பார். மூன்றாமவர் காயிலின் மின்சாரத்தை வெட்டிவிடும் சி.பி. பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைத்து, பிளக் இடைவெளியையும் அகலமாக்கியிருப்பார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமான காரியம். சேர்த்துப் பார்த்தால் மூன்றும் ஒரே திசையில் தள்ளுகின்றன: கம்ப்ரஷன் கூடினால் அடர்த்தி கூடும், இடைவெளி கூடினால் தூரம் கூடும், வாயு எரிபொருளுக்கோ பெட்ரோலைவிட அதிக வோல்ட் தேவை. பாஷனின் பெருக்கலில் எல்லா எண்களும் ஏறிவிட்டன. பழைய பிளக் வயரும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் மட்டும் அப்படியே இருக்கின்றன. புத்தகத்தில் இருக்கும் அளவுகள் இப்போது வேறொரு வண்டிக்கு உரியவை.

உரிமையாளர் எதையும் தொடாமலேயே ஒரு மாற்றம் வந்திருக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, இப்போது பங்குகளில் பரவலாகிவிட்டது. அதற்குத் தேவை சுமார் 13.5 பங்கு காற்று. கம்ப்யூட்டர் உள்ள புது வண்டி இதை உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டரில் இருப்பது துளையிட்ட பித்தளை ஜெட். அதற்கு எதுவும் தெரியாது. முன்பு விட்ட அளவையே விடும், கலவை எட்டு சதவீதம் போல வறண்டுவிடும். வறண்ட கலவை பற்றிக்கொள்ளவும் அடம்பிடிக்கும், மெதுவாகவும் எரியும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் சோர்ந்து, கார்புரேட்டர் வழியாகவே துப்பும். பல கார்புரேட்டர் வண்டிகளில் "பிக்கப் போயிடுச்சு" என்ற புகாருக்கு இது ஒரு காரணம்.

சரி, மேம்பால மிஸ்ஸிங் பொறிக் குறையா, வறண்ட கலவையா? இரண்டும் சுமையில்தான் தலைகாட்டும். பிரிக்க எளிய வழி, ஏற்றத்தில் சோக் கம்பியைக் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பது. வண்டி தேறினால் பெட்ரோல் போதவில்லை: ஜெட், ஃபில்டர், பம்ப் என்று அந்தப் பக்கம் போகலாம். தேறாவிட்டால், அல்லது மோசமானால், பொறியின் பக்கம் திரும்பலாம். மாறாக, ஐடிலிங்கில் தடுமாறி வேகத்தில் சரியாகிற வண்டி என்றால் எங்கோ காற்று பிடிக்கிறது. கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டின் பேக்கிங்கில் உள்ள சிறு ஓட்டை ஒரே அளவுதான் காற்று விடும். கதவு மூடியிருக்கும்போது அது பெரிய பங்கு. கதவு திறந்ததும் கணக்கிலேயே வராது.

எந்த சிலிண்டர் என்று அறிய, ஓடும் என்ஜினில் ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்குவது பழைய முறை. பிடுங்கினால் சுற்று குறைய வேண்டும். குறையவில்லையென்றால் அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. எலெக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் வயரை அந்தரத்தில் விடக்கூடாது. போக வழியில்லாத மின்னழுத்தம் காயிலையோ மாட்யூலையோ தீர்த்துவிடும். வேறொரு பிளக்கில் செருகி என்ஜின் உடம்பில் படவைத்துவிட்டுச் சோதிக்கலாம். இன்றைய கார்கள் கிராங்க் சுற்றும் வேகத்தில் வரும் மிகச் சிறிய தளர்வை வைத்து எந்த சிலிண்டர் மிஸ்ஸிங் என்று கண்டுபிடிப்பதும் இதே தர்க்கம்தான். அம்பாசடர் என்ஜினில் இன்னொரு துப்பும் உண்டு. ஒன்றாம், இரண்டாம் சிலிண்டர்களுக்குக் காற்று போக ஒரே வாசல். மூன்றுக்கும் நாலுக்கும் ஒரே வாசல். முதல் இரண்டு மூக்கு மட்டும் வெளுத்திருந்தால் அந்தப் பக்கத்து மேனிஃபோல்டில் காற்று பிடிக்கிறதென்று பிளக்கே காட்டிக்கொடுக்கும். நாலும் ஒரே நிறம் என்றால் கார்புரேட்டர், பெட்ரோல், டைமிங் போன்ற பொதுக் காரணம். ஒன்று மட்டும் வேறு என்றால் அந்த பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். குறை பிளக்கோடு போனால் பிளக். பழைய இடத்திலேயே நின்றால் வயர் அல்லது சிலிண்டர். செலவில்லாத பரிசோதனை இது. ஒரே நாளில் பிளக், வயர், காயில், கார்புரேட்டர் நாலையும் மாற்றிவிட்டு "சரியாயிடுச்சு" என்பவருக்கு எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது. அடுத்த முறையும் நாலுக்கும் காசு கொடுக்க வேண்டியதுதான்.

கையில் கொஞ்சம் காசுள்ள பழைய கார் பிரியர்கள் இப்போது புகைக்குழாயில் ஒரு துளையிட்டு லாம்டா சென்சர் மாட்டிக்கொள்கிறார்கள். அதன் உள்ளேயும் பீங்கான்தான், சிர்கோனியா. முன்னூறு டிகிரிக்கு மேல் சூடானால் சிர்கோனியாவுக்குள் ஆக்சிஜன் அயனிகள் நகரும். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசத்துக்கு ஏற்ப அது ஒரு சிறிய வோல்ட்டைத் தரும். பெட்ரோல் மிகுதியென்றால் 0.9 வோல்ட் அளவு, காற்று மிகுதியென்றால் 0.1 அளவு. பாஷ் நிறுவனம் செய்த இந்த சென்சர் 1976-இல் வோல்வோ கார்களில் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. கலவையை டாஷ்போர்டிலேயே எண்ணாகப் படிக்க முடிவது பெரிய வசதிதான்.

மிஸ்ஸிங் அடிக்கும் என்ஜினில் மட்டும் இந்த எண் ஏமாற்றும். சென்சர் பார்ப்பது ஆக்சிஜனை, பெட்ரோலை அல்ல. பொறி தவறிய சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோலும் எரியாத ஆக்சிஜனும் சேர்ந்தே வெளியேறும். சென்சர் ஆக்சிஜனைக் கண்டதும் கலவை வறட்சி என்று சொல்லும். உரிமையாளர் பெரிய ஜெட் போடுவார். மூக்கில் கரி ஏறும், மின்சாரம் அதிகம் கசியும், மிஸ்ஸிங் கூடும், ஆக்சிஜன் இன்னும் அதிகமாக வெளியேறும், மீட்டர் இன்னும் வறட்சி என்று காட்டும். இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்ட வண்டியில் பிளக்கைக் கழற்றினால் மூக்கு கறுத்து, பெட்ரோலில் நனைந்திருக்கும். மீட்டர் சொல்வதும் மூக்கு சொல்வதும் இப்படி முரண்பட்டால் பழைய ஜெட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, முதலில் பிளக் வயரைச் சோதிக்க வேண்டும்.